அணையும் வேணும், அடையாளமும் வேணும்!

(செட்டியார்பட்டி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேட்டூர் அணையில தண்ணி குறைஞ்சா பேப்பர்ல ஒரு படம் வரும், பாத்திருப்பீங்க. பண்ணவாடிப் பக்கம் தண்ணிக்கு மேல ஒரு நந்தி தெரியும். 1934-ல் அணை கட்டி முடித்தபோது ஊரோடு மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தி அது. பவானிசாகர்லயும் இதே கதைதான். டணாய்க்கன் கோட்டையும் மாதவராயப் பெருமாள் கோவிலும் உள்ளே கிடக்கு. நாம செல்பி எடுத்துட்டு வந்துடறோம்.

தண்ணிக்குள்ளேயே கிடந்தா கல்லு ஓரளவு தாங்கும். ஏறி இறங்குற தண்ணிதான் எமன். நனைஞ்சு நனைஞ்சு காயும்போது உள்ளே இறங்கின உப்பு பூத்து, செங்கல்லை உதிர்த்துடும். அலை மண்மேட்டை அரிக்கும். மண் அடுக்கு கலைஞ்சுட்டா, கிடைக்கிற பானை ஓடு எந்தக் காலம்னு சொல்றதே கஷ்டம்.

அப்போ அணையே வேண்டாமா? விவசாயி வயித்துல அடிக்கிற பேச்சை நாம பேசமாட்டோம். வழி இருக்கு. நாகார்ஜுனசாகர் அணைக்கு முன்னாடி, 1954 முதல் 1960 வரை நாகார்ஜுனகொண்டாவில் அகழாய்வு செய்தார்கள். முக்கியமான சின்னங்களை மலை மேல கொண்டுபோய் வைத்தார்கள். இன்று அந்த மலை ஒரு தீவு, அதில் அருங்காட்சியகம். எகிப்தில் அபு சிம்பெல் கோவிலையே அறுத்து மேட்டில் நிறுத்தினார்கள்.

நம்ம மாவட்டத்துக்கு வருவோம். வைப்பாற்றங்கரையில வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளம் மேடு. 2022-ல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை, பாசிமணி, தங்க அணிகலன் எல்லாம் கிடைத்தன. அந்த மேட்டுல வருஷா வருஷம் தண்ணி ஏறி இறங்கியிருந்தா, இதுல எத்தனை நம்ம கைக்கு வந்திருக்கும்?

அதனால நம்ம கோரிக்கை ரெண்டு. அணை கட்டும் முன், கண்மாய் ஆழப்படுத்தும் முன் தொல்லியல் கள ஆய்வு கட்டாயம் ஆகணும். வண்டல் அள்ளும்போது தாழி, பானை ஓடு தெரிஞ்சா, தகவல் சொன்ன சில நாளுக்குள்ள அதிகாரிகள் வந்து பாக்கணும். "சொன்னா வேலை நின்னுபோகும்"னு பயந்துதான் நம்ம ஆளுங்க மூடிடறாங்க. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது அரசாங்கம்.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஓடு தெரிஞ்சா ஜேசிபியை நிறுத்துங்க. வி.ஏ.ஓ. கிட்ட சொல்லுங்க. தண்ணி அடுத்த மழைக்கு வந்துடும். உடைஞ்ச தாழி திரும்ப வராது.



#செட்டியார்பட்டி #வெம்பக்கோட்டை #வைப்பாறு