அளவுகோலை வெட்டியவர் யார்?

தோழர்களே, இன்னைக்கு ஒரு அளவுகோலைப் பத்திப் பேச வந்திருக்கேன். 1986இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஓ'நீலும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட 'பால்பாத்திர முரண் அளவுகோல்'. 'ஆம்பளைன்னா இப்படித்தான்' என்று சமூகம் திணிக்கிற விதி அந்த ஆணையே எப்படி நசுக்குகிறது என்பதை அளக்க வந்தது. மொத்தம் 37 வாசகங்கள். முழுசா மறுத்தா 1, முழுசா ஒத்துக்கிட்டா 6. வெற்றி - அதிகாரம் - போட்டி, உணர்ச்சியை அடக்குதல், ஆண்கள் தமக்குள் அன்பைக் காட்டத் தயங்குதல், வேலைக்கும் குடும்பத்துக்குமான இழுபறி என நான்கு பகுதிகள். ஆணாதிக்கம் ஆணுக்கும் கேடு என்பதை எண்ணில் காட்டியது சின்ன காரியம் இல்ல. ஆனா யாரை வச்சு உருவாக்கினாங்க? கல்லூரியில் படித்த ஆண்களை வைத்து.

இதை நான் தமிழாக்கி ஆய்வுக்குப் பயன்படுத்தினேன். திருநங்கை அக்கா ஒருவரிடம் வாசித்துக் காட்டும்போது, 'மற்ற ஆண்களோடு' என்று வந்த இடத்தில் நிறுத்தினார். "மத்த ஆம்பளைன்னா, அப்ப நான் யாரு தம்பி?"

வேலை, குடும்பம் பற்றி 6 வாசகங்கள். எல்லாத்துக்கும் 1 போடச் சொன்னார். "வேலை யாரும் குடுக்கல. வீட்டுல தொரத்திட்டாங்க. ரெண்டும் இல்லாதவளுக்கு இழுபறி எங்கேருந்து வரும்?" கூட்டினால் 6. அதற்குக் கீழே மதிப்பெண்ணே கிடையாது. அளவுகோலின் கணக்குப்படி அவருக்கு அந்த முரணே இல்லை!

திருநம்பித் தோழர் ஒருவர் உணர்ச்சியை அடக்கும் பகுதியில் மிக அதிகம் வாங்கினார். வீறாப்பு இல்ல தோழர்களே. அழுதா குரல் காட்டிக் கொடுத்துடும்னு பயம். எண் ஒன்றுதான், அதற்குள் இருக்கும் வாழ்க்கை வேறு. ஒரே வாசகம் எல்லாக் குழுவிடமும் ஒரே பொருளைத் தருகிறதா என்று சோதிக்காமல் மதிப்பெண்களை ஒப்பிடக் கூடாது. இது புள்ளியியல்காரர்களே சொல்கிற விதி.

சாதியும் இதில் இல்லை. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிப் போன எங்கப்பா, சேரிக்குள்ள வந்ததும் அம்மாவை அதட்டுவார். அந்தச் செருப்புக்கு இதுல வாசகம் இல்ல.

பொருந்தாத தாள்களைத் தள்ளிவிடு என்றார் என் நெறியாளர். தள்ளினேன். பட்டமும் வாங்கினேன்.

அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இந்தத் தடவை வாசகங்களை அக்காவும் அந்தத் தோழரும்தான் முதலில் சொல்லப் போறாங்க, நான் எழுதிக்கப் போறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் உட்காருகிறோம். வர நினைக்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் குடுங்க.