தஜிகிஸ்தான்: உழைப்பாளரை ஏற்றுமதி செய்யும் மலைநாடு



பாரசீக மொழி என்றவுடன் ஈரான் நினைவுக்கு வருகிறது. ஆப்கானிஸ்தானின் தாரி மொழியையும் சிலர் சேர்த்துக்கொள்வர். பாரசீகத்தை அரசு மொழியாகக் கொண்ட மூன்றாவது நாடு தஜிகிஸ்தான். அங்கு அம்மொழிக்குத் தஜிக் என்று பெயர். அரபு எழுத்திலிருந்து 1928இல் லத்தீனுக்கும், 1940இல் சிரிலிக் எழுத்துக்கும் அது மாற்றப்பட்டது. தெஹ்ரானில் அச்சாகும் நூலைப் பிறர் படிக்கக் கேட்டால் துஷான்பே நகரத்தார் பெரிதும் புரிந்துகொள்வர். கையில் கொடுத்தால் பலரால் படிக்க இயலாது.

நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலை. சுமார் ஒரு கோடி மக்களில் பெரும்பாலோர் குறுகிய பள்ளத்தாக்குகளில் நெருங்கி வாழ்கின்றனர். கிழக்கே பாமீர் மலைநாடான படக்‌ஷான், பரப்பில் ஏறக்குறைய பாதி. மக்கள்தொகையிலோ மிகச் சிறு பங்கு. நாட்டின் உயர்ந்த சிகரம் முதலில் ஸ்டாலின் பெயரைத் தாங்கியது. 1962இல் கம்யூனிசச் சிகரம் ஆயிற்று. 1998 முதல் பழைய மன்னர் இஸ்மாயில் சோமோனியின் பெயர். உயரம் மட்டும் அதே 7,495 மீட்டர்.

1924இல் உஸ்பெக் குடியரசுக்குள் தன்னாட்சிப் பகுதியாக இருந்தது, 1929இல் தனிச் சோவியத் குடியரசாயிற்று. தஜிக் பண்பாட்டின் பழம்பெரும் நகரங்களான சமர்கண்டும் புகாராவும் உஸ்பெகிஸ்தானிலேயே நின்றுவிட்டன. தனிக் குடியரசுக்காகப் பாடுபட்ட நுஸ்ரதுல்லோ மக்ஸும், ஷிரின்ஷோ ஷோதெமூர் ஆகிய கம்யூனிஸ்டுகள் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டனர். இதை இடதுசாரிகள் மறைத்துப் பேச வேண்டியதில்லை. எழுத்தறிவற்ற சமூகம் ஒரு தலைமுறைக்குள் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அறிவியல் கழகத்தையும் பெற்றது என்பதும் மறைக்க முடியாத உண்மையே. வக்‌ஷ் ஆற்றில் 300 மீட்டர் உயர நூரெக் அணை எழுந்தது. பருத்திக்காக, மலைக் கிராமத்தார் வக்‌ஷ் சமவெளிக்குக் கட்டாயமாகக் குடியேற்றப்பட்டதும் அதே காலத்தில்தான்.

அந்தக் குடியேற்றத்தின் விலை 1992இல் தெரிந்தது. உள்நாட்டுப் போரைக் கம்யூனிசத்துக்கும் இஸ்லாமியவாதத்துக்கும் இடையிலான மோதல் என்று உலக ஏடுகள் எழுதின. அது பாதி உண்மை. குலோப், குஜந்த் வட்டாரத்தார் ஒருபுறமும், கார்ம், பாமீர் வட்டாரத்தார் மறுபுறமுமாக அணிகள் பிரிந்தன. குடியேற்றப்பட்டோர் வாழ்ந்த வக்‌ஷ் சமவெளியில்தான் கொடிய படுகொலைகள் நிகழ்ந்தன. பல்லாயிரம் பேர் மாண்டனர். 1997 ஜூன் 27 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான உடன்பாடு, எதிரணிக்கு அரசுப் பதவிகளில் 30 விழுக்காடு தருவதாக உறுதியளித்தது.

அவ்வுறுதி நிலைக்கவில்லை. 1992 முதல் தலைமையில் இருக்கும் எமோமலி ரஹ்மோன், எதிரணியினரை ஒவ்வொருவராக அகற்றினார். இஸ்லாமிய மறுமலர்ச்சிக் கட்சி 2015இல் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி விகிதாச்சாரப் பட்டியலுக்கான 5 விழுக்காட்டு வரம்பை எட்டவில்லை. 2016 பொதுவாக்கெடுப்பு அவருக்கான பதவிக்கால வரம்பை நீக்கியது. தலைநகரின் மேயராகவும் மேலவைத் தலைவராகவும் அவர் மகன் வந்தார். குடியரசு என்ற பெயரில் குடும்ப ஆட்சி!

பொருளாதாரம் இதைவிட நொய்ந்தது. 1991உடன் ஒன்றியத்தின் மானியம் நின்றது. துர்சுன்சோதா அலுமினிய ஆலைக்கு மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நாடு தருவது நீர்மின்சாரம். ஆனால் ஆறுகள் வற்றும் குளிர்காலத்தில் கிராமங்கள் மின்வெட்டில் நடுங்குகின்றன. இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவது 335 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்ட ரோகுன் அணை. 1976இல் தொடங்கிய பணி போரில் நின்றது. 1993 வெள்ளம் தற்காலிக அணையை அடித்துச் சென்றது. முதல் மின்னாக்கி 2018இல்தான் சுழன்றது. 2010இல் இத்திட்டத்தின் பங்குகளை வாங்குமாறு ஆசிரியர்களும் மருத்துவர்களும் மாணவர்களும் நெருக்கப்பட்டனர். 2017இல் 50 கோடி டாலர் கடன் பத்திரங்கள், 7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டியில், சர்வதேசச் சந்தையில் விற்கப்பட்டன.

நாட்டைத் தாங்கி நிற்பது அணை அன்று. ரஷ்யாவின் கட்டுமானத் தளங்களிலும் சந்தைகளிலும் உழைக்கும் பல லட்சம் தஜிக்குகள். அவர்கள் அனுப்பும் பணம், பல ஆண்டுகளில், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டியிருக்கிறது. இளைஞர் அற்ற கிராமங்களில் வயலும் முதியோரும் குழந்தைகளும் பெண்களின் பொறுப்பு. மாஸ்கோவில் மறுமணம் செய்துகொண்ட கணவன் கைபேசிக் குறுஞ்செய்தியில் மணவிலக்குச் சொல்வதும் நடந்தது.

மாஸ்கோவை ஒட்டிய 2024 மார்ச் மாத குரோகஸ் அரங்கத் தாக்குதலில் கைதானோருள் தஜிக்குகள் இருந்தனர். அதன்பின் சோதனைகளும் நாடுகடத்தலும் பெருகின. குற்றம் சில பேருடையது. தண்டனை ஒரு தேசிய இனத்து உழைப்பாளர் அனைவருக்கும்.

சட்டப்படி வேலை செய்ய, தஜிக் தொழிலாளி ‘பேட்டன்ட்’ எனும் அனுமதிச் சீட்டுக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். யுரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்துவிட்ட கிர்கிஸ்தான் நாட்டுத் தொழிலாளிக்கு அது தேவையில்லை. அந்த ஒன்றியத்தில் சேர்வது பற்றிப் பல ஆண்டுகளாக “ஆராய்ந்து வருகிறோம்” என்பதே துஷான்பேயின் விடை.