குடல் அடைப்பு ஸ்கேனில் தெரிந்துவிட்டது, அடுத்து?

மகப்பேறு, ஸ்கேன், பச்சிளங்குழந்தை மருத்துவம், குழந்தை அறுவை எனப் பல துறையினரும் ஒரே அரங்கில் கூடியிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கருக்குழந்தையின் குடல் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில் நாம் வெகுவாக முன்னேறிவிட்டோம். கண்டுபிடித்தபின் ஆக வேண்டிய காரியங்களில்தான் பின்தங்கி நிற்கிறோம்.

முன்சிறுகுடல் அடைப்பையே எடுத்துக்கொள்வோம். குழந்தை விழுங்கும் பனிக்குட நீர் மேற்கொண்டு போக வழியின்றித் தேங்குகிறது; இரைப்பையும் முன்சிறுகுடலின் தொடக்கமும் உப்பி, திரையில் இரண்டு கருங்குமிழ்களாகத் தெரிகின்றன. நாம் ‘டபுள் பபிள்’ என்கிறோம். புரோபைச் சற்றே திருப்பி, இரண்டும் ஒன்றோடொன்று இணைவதைப் பார்த்த பிறகே அப்படி எழுத வேண்டும். 20 வாரத்தில் குழந்தை விழுங்கும் அளவு குறைவு என்பதால் இந்த அடைப்பு அப்போது பெரும்பாலும் பிடிபடாது. ‘ஐந்தாம் மாத ஸ்கேன் நார்மல்’ என்ற ரிப்போர்ட் கையில் இருந்தாலும், ஏழாம் மாதத்தில் பனிக்குட நீர் மிகுந்திருந்தால் குழந்தையின் வயிற்றை மறுபடி பாருங்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். ஆகவே இதயத்தைப் பார்ப்பதும் குரோமோசோம் பரிசோதனை பற்றிப் பெற்றோரிடம் பேசுவதும் அன்றே நடக்க வேண்டும். வேறு குறையில்லாத குழந்தை என்றால், நல்ல வசதியுள்ள இடத்தில் அறுவைக்குப் பின் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பிழைக்கின்றன. பெற்றோர் எந்த முடிவையும் எடுக்கும் முன் இதைக் குழந்தை அறுவை மருத்துவர் வாயிலாகக் கேட்டாக வேண்டும்.

வயிற்றுச் சுவரின் துளை வழியே குடல் வெளியே வந்து பனிக்குட நீரில் மிதக்கும் ‘கேஸ்ட்ரோஸ்கைசிஸ்’ என் மனதை அதிகம் அரிப்பது. 74 நாடுகளில் நடந்த ஆய்வொன்றை 2021இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. இந்தக் குறையோடு பிறந்தவர்களில் இறப்பு, செல்வ நாடுகளில் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே; நடுத்தர வருவாய் நாடுகளில் ஏறத்தாழ 32; ஏழை நாடுகளில் 90. துளை எங்கும் ஒன்றுதான். பிறந்த இடமும், முதல் சில மணி நேரத்தில் கிடைத்த கவனிப்பும்தான் வேறு. வெளியே கிடக்கும் குடல் வழியாகக் குழந்தை சூட்டையும் நீரையும் மளமளவென்று இழக்கிறது. சுத்தமான பிளாஸ்டிக் உறையில் குடலைப் பொதிந்து, அது முறுக்கிக்கொள்ளாதபடி குழந்தையை வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, சிரையில் திரவம் ஏற்றி அனுப்ப வேண்டும். தாலுகா மருத்துவமனையிலேயே செய்யக்கூடியவை இவை. இருந்தும் ஈரத்துணியைச் சுற்றி, உடல் சில்லிட்டுப்போன நிலையில் குழந்தைகள் வந்து சேர்வதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஐந்து மாதத்துக்கு முன்பே ஸ்கேனில் தெரிந்திருந்த குழந்தையும் அப்படி வருவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இந்தக் கருத்தரங்கின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். குடல் கோளாறு என்று எழுதும் ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும், பிரசவம் எங்கே, அறுவை மருத்துவரைப் பெற்றோர் சந்திக்கும் நாள் எது என்ற இரண்டு விவரங்களும் இடம்பெற வேண்டும். அதற்கான படிவத்தை நாளை மாலைக்குள் நாம் தயாரித்துவிட வேண்டும். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.