மலையைக் குடைந்து தண்ணீர் தந்த கர்னல்



தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்குக் குழாயடி தெரியும். ஐம்பது வீட்டுக்கு ஒரு குழாய் இருந்த காலத்தில், பெரட்டுக்குப் புறப்படுமுன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த தாய்மார்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தண்ணீரின் அருமையை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீருக்காகத் தம் உத்தியோக வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்ட ஒரு பட்டாளத்து அதிகாரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அவர் பெயர் ஜான் பென்னிகுவிக். 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், இந்தியாவில் பூனா நகரில் பிறந்தார். தந்தையாரும் பட்டாளத்துக்காரர். 1849ஆம் ஆண்டு பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் நடந்த போரில் அந்தத் தந்தையும், மூத்த மகன் ஒருவரும் ஒரே நாளில் மாண்டனர். அப்போது நம் ஜானுக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. வளர்ந்தபின் அவரும் பட்டாளத்திலேயே சேர்ந்தார். ஆனால் அவர் சேர்ந்த பிரிவு பொறியியல் பிரிவு. வந்து சேர்ந்த இடம் சென்னை மாகாணம்.

அந்த நாளில் மதுரைச் சீமை எப்படி இருந்தது? தென்மேற்குப் பருவ மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்திவிடும். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டும். இந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும். பெரியாறு என்ற ஆறு மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்தது. கிழக்கே வைகையில் மணல்தான் மிச்சம்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. பல இலட்சம் பேர் மாண்டார்கள். பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். நாகப்பட்டினத்தில் ஏறி, நம் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் எத்தனை பேர்! இங்கே ரப்பர் வருவதற்கு முன்பே, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்கள் அவர்கள். ஊரில் தண்ணீர் இருந்திருந்தால் அவர்களில் பலர் கடல் கடந்திருக்கவே மாட்டார்கள். ஆகவே இந்தக் கதை நமக்கு அந்நியக் கதை அல்ல.

மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாமே என்ற யோசனை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராமநாதபுரத்துப் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை அதை ஆராய்ந்தார். ஆனால் பணம் இல்லை. 1808இல் கால்டுவெல் என்ற இராணுவ அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இது நடவாத காரியம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒருவர் எழுதி வைத்தால் போதும், காகிதம் தூங்கிவிடும் அல்லவா? பல தலைமுறை அப்படியே போயிற்று.

பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கம் கண் விழித்தது. பென்னிகுவிக் திட்டத்தைப் புதிதாகத் தீட்டினார். 1886இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறு ஆண்டு வேலை தொடங்கியது.

நேயர்களே, அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். அடர்ந்த காடு, யானையும் புலியும் உலவும் மலை. சாலை கிடையாது. வருஷத்தில் சில மாதங்களே வேலை செய்ய முடியும். மற்ற மாதங்களில் மழையும் காய்ச்சலும். கட்டிய தடுப்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்டுவார்கள், மறுபடி போகும். மலேரியாவிலும் மற்ற நோய்களிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மாண்டார்கள். காடழித்து ரப்பர் நட்ட நம் பாட்டன்மார் பட்ட பாட்டைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

சுட்ட மண்ணைத் தூளாக்கி, சுண்ணாம்போடு குழைத்த சுர்க்கிச் சாந்தினால் அணை எழும்பியது. ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரம். தேங்கிய நீரைக் கிழக்கே கொண்டுவர மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் அதிகமான நீளத்தில் சுரங்கம் வெட்டினார்கள். 1895ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீர் பாய்ந்தது. வைகை வழியே மதுரைச் சீமையின் வயல்களுக்கும் சென்றது.

பென்னிகுவிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று இந்த அணையைக் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். உண்மையில் பணம் போட்டது சென்னை அரசாங்கம். அது ஏட்டில் உள்ள கணக்கு. அப்படியானால் ஜனங்கள் ஏன் இந்தக் கதையைச் சொன்னார்கள்? சம்பளத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி, வெள்ளம் அடித்துப் போன பிறகும் விட்டுப் போகாமல் நின்றதை அவர்கள் பார்த்தார்கள். சொந்தப் பிள்ளைக்குச் செய்வது போலல்லவா செய்கிறார் என்று தோன்றியிருக்கும். அந்த நன்றிதான் கதையாக வளர்ந்தது. கதையை விட்டுவிட்டாலும் அவர் பெருமை குறையாது.

அணையைப் பற்றி இன்று இரு மாநிலங்களுக்குமிடையே வழக்கும் வாதமும் உண்டு. கிழக்கே இருப்பவர்களுக்குத் தண்ணீர் கவலை. மேற்கே அணைக்குக் கீழே வாழ்பவர்களுக்குப் பாதுகாப்புக் கவலை. இரண்டும் மனிதர் கவலையே. பழைய அணை என்பதால் அதனைப் பலப்படுத்தும் வேலைகளும் நடந்தன.

பென்னிகுவிக் 1911ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் இங்கிலாந்தில் காலமானார். தேனி வட்டாரத்தில் இன்றும் பல வீடுகளில் சாமி படத்தோடு அவர் படமும் தொங்குகிறது. பொங்கல் சமயத்தில் வரும் அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு கூடலூருக்கு அருகே லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கர்னலின் பெயர் கல்லில் நிற்கிறது. கல்லைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்குமே இல்லை. நம் தோட்டங்களில் காடு வெட்டியவர்களின் பெயரும் அப்படித்தான். வீட்டில் முதியவர் இருந்தால், அவருடைய பாட்டன் எந்த ஊர், எந்த வருஷம் கப்பலேறினார் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?