பூனைக்கு முன்னால் வந்தவர்கள்

(நமது குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

தொப்பி போட்ட ஒரு பூனை ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் படம் உங்களில் பலருக்கும் கைப்பேசியில் வந்திருக்கும். அந்த நிலையத்தின் பெயர் கிஷி. ஜப்பானில் வாகாயாமா மாநிலத்தில், கினோகாவா என்ற சிறு நகரத்தில் இருக்கிறது. பூனையின் கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததுதான் நம்மைப் போன்ற குடியிருப்போருக்கு முக்கியம். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

கிஷிகாவா பாதை மொத்தம் 14.3 கிலோமீட்டர்தான். 14 நிலையங்கள். வாகாயாமாவில் கிளம்பி கிஷியில் முடியும். 1916-ல் இதைப் போட்டது கோயிலுக்குப் போகிறவர்களுக்காக. வழியில் மூன்று பழைய ஷிண்டோ கோயில்கள் உண்டு. மூன்றையும் ஒரே நாளில் கும்பிட்டுவிட்டு வருவது அந்தப் பக்கத்து வழக்கம். 1933-ல் பாதையை நீட்டியபோதுதான் கிஷி நிலையம் வந்தது. 1961-ல் பாதை நான்காய் என்ற பெரிய ரயில் நிறுவனத்தின் கைக்குப் போனது.

அப்புறம் வீட்டுக்கு வீடு கார் வந்துவிட்டது. கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. 2005 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் பயணிகள்தான். நஷ்டமோ ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யென். 2004-ல் நான்காய் நிறுவனம், இந்தப் பாதையை இனி நடத்த முடியாது, விலகிக்கொள்கிறோம் என்று முறைப்படி அறிவித்தது. சட்டப்படி அவர்கள் செய்தது சரி. ஆனால் ரயில் நின்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கார் ஓட்ட முடியாத முதியவர்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்கள்?

இங்கேதான் கவனிக்க வேண்டும். பாதையோரத்து மக்கள் மனு கொடுத்ததோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. 'கிஷிகாவா பாதையின் எதிர்காலத்தை உருவாக்கும் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆண்டுச் சந்தா 1000 யென். நாம் மாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தைவிடக் குறைவு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் முழக்கம் என்ன தெரியுமா? 'ஏறிப் பயணித்து இதைக் காப்பாற்றுவோம்' என்பதுதான். 'அரசே, காப்பாற்று' என்று நிறுத்திக்கொள்ளாமல், நாங்கள் ஏறுகிறோம் என்று சொன்னார்கள்.

மக்கள் இப்படி நின்றதும் அரசும் இறங்கி வந்தது. மாநிலத்தின் உதவியோடு உள்ளாட்சிகள் தண்டவாள நிலத்தை வாங்கின. பத்து ஆண்டுகளுக்கு 82 கோடி யென் வரை நஷ்டத்தை ஈடுகட்ட ஒப்புக்கொண்டன. நடத்த யார் வருகிறீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். ஒகாயாமா நகரத்தில் டிராம் ஓட்டும் நிறுவனம் தேர்வானது. 2006 ஏப்ரல் 1 அன்று வாகாயாமா மின் ரயில்வே என்ற புதுப் பெயரில் வண்டி ஓடத் தொடங்கியது.

இதற்குப் பிறகுதான் பூனை வருகிறது. செலவைக் குறைக்க கிஷி நிலையத்தில் ஊழியரே இல்லாமல் செய்துவிட்டார்கள். நிலையத்தை ஒட்டி ஒரு சின்னக் கடை. அந்தக் கடைக்கார அம்மாவின் பூனைகள் தங்கியிருந்த இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. அவர் நேரே நிறுவனத் தலைவர் மிட்சுனோபு கொஜிமாவிடம், "இதுகளுக்கு நிலையத்துக்குள்ளே கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று கேட்டார். கொஜிமா பூனையைப் பார்த்தார். அவருக்கு வேறொரு யோசனை வந்தது.

2007 ஜனவரி 5 அன்று தாமா என்ற மூவண்ணப் பூனை நிலைய அதிகாரியாக நியமனம் பெற்றது. சம்பளம், பூனைத் தீவனம்! 2008-ல் பதவி உயர்வும் கிடைத்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். முதல் ஆண்டில் அந்தப் பகுதிக்குக் கிடைத்த பொருளாதாரப் பலன் சுமார் 110 கோடி யென் என்று ஒரு பேராசிரியர் கணக்குப் போட்டார். எய்ஜி மிட்டோக்கா என்ற வடிவமைப்பாளர் பழைய பெட்டிகளை ஸ்ட்ராபெரி ரயில், பொம்மை ரயில், தாமா ரயில் என்று மாற்றினார். ஸ்ட்ராபெரி அந்த ஊர் விளைச்சல். அந்த ரயிலுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் பெட்டிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. 2010-ல் கிஷி நிலையத்தையே பூனை முகம் போலக் கட்டினார்கள். கூரை வேய்ந்திருப்பது கோயில்களுக்கு வேய்வது போன்ற மரப்பட்டையால்.

2015 ஜூனில் தாமா இறந்தது. வயது 16. இறுதிச் சடங்குக்குச் சுமார் மூவாயிரம் பேர் வந்தார்கள். நடைமேடையிலேயே அதற்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அடுத்து வந்த பூனைக்கு நிதாமா என்று பெயர். இரண்டாம் தாமா என்று அர்த்தம்.

பூனை எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதா? இல்லை. பயணிகள் எண்ணிக்கை 21 லட்சத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் இத்தனை கூட்டம் வந்தும் பாதை தன் காலில் நிற்கவில்லை. பொதுப் பணம் தொடர்ந்து தேவைப்படுகிறது. கொரோனா காலத்தில் வெளியூர்க் கூட்டம் நின்றபோது அந்த அடி பலமாகவே விழுந்தது. பார்க்க வருகிறவர்கள் ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். திங்கட்கிழமை காலை ஏறுவது உள்ளூர்க்காரர்தான்.

பூனை இல்லாமல் அந்தச் சங்கம் இருந்திருக்கும். சங்கம் இல்லாவிட்டால் பூனையை உட்கார வைக்க நிலையமே இருந்திருக்காது. ஒரு வசதி வேண்டும் என்று கேட்பவர்கள் அதைப் பயன்படுத்தவும் வேண்டும், கொஞ்சம் பணமும் நேரமும் போடவும் வேண்டும் என்பதை அவர்கள் 2004-லேயே புரிந்துகொண்டார்கள். நம் பொதுக்குழுவில் எத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தது என்பது செயலாளருக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள். பூனை வேண்டுமானால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.