யாரும் நம்மைப் பார்க்காத படம்



திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பழைய கல்யாணப் படம் ஒன்று தொங்குகிறது. முன்னால் சம்மணமிட்ட குழந்தைகள், நடுவில் நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் நிற்பவர்கள். அத்தனை கண்களும் நேராக நம்மையே பார்க்கின்றன. "எல்லாரும் இங்கே பாருங்கோ" என்று போட்டோக்காரர் குரல் கொடுத்த நொடி அது. அதில் யாருக்கு யார் என்ன உறவு, யார் மடியில் எந்தக் குழந்தை வளர்ந்தது என்பதையெல்லாம் பாட்டி விரல் வைத்துக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

காட்டில் தண்ணீருக்கு வரும் விலங்குக் கூட்டத்தைப் படமெடுப்பது இதற்கு நேர் எதிரான வேலை. அங்கே ஒரு கண்கூட நம் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பாவிட்டால், உறவை அந்தப் படமே சொல்லிவிடும்.

அப்படிப் படமெடுக்க, நம் ஊரிலிருந்து மலையேறிப் போனால் தேக்கடி. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தபோது ஒரு பள்ளத்தாக்கே நீரில் மூழ்கியது. அன்று மூழ்கிய மரங்களின் பட்ட கட்டைகள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. 1934-ல் திருவிதாங்கூர் அரசு அங்கே நெல்லிக்காம்பட்டி சரணாலயத்தை அமைத்தது. 1978-ல் அது புலிகள் காப்பகமானது. கோடையில் நீர் இறங்க இறங்கக் கரையோர நிலம் வெளிப்படும், அதில் இளம்புல் முளைக்கும். யானை, காட்டெருது, நம் பக்கத்தில் மிளா என்று சொல்லும் கடமான் எல்லாம் புல்லுக்கும் நீருக்குமாக வெட்டவெளிக்கு இறங்கி வரும். அடர்ந்த காட்டுக்குள் ஒரு காதும் ஒரு துதிக்கையும் கண்ணில் பட்டாலே பெரிது. இங்கேயோ ஒரு குடும்பத்தை முழுதாகப் பார்க்கலாம்.

காட்டு விலங்குப் படக்கலையின் தொடக்க நாட்களில் தனி விலங்கைப் பிடிப்பதே சாதனையாக இருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஷைராஸ் இரவில் எடுத்த படங்கள் 1906-ல் வெளிவந்து உலகை வியக்க வைத்தன. நம் நாட்டில் வன அதிகாரியாக இருந்த சாம்பியன், புலி நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, அதில் புலியின் கால் பட்டதும் கேமரா இயங்கும்படி செய்தார். கம்பி ஒரு புலியைப் பிடிக்கும். ஒரு கூட்டத்தைப் பிடிக்க, மனிதர் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்தவர் நம்மவர், மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார். முதுமலைக் காட்டில் நடந்தும், பழகிய யானையின் முதுகில் அமர்ந்தும் எடுத்தார். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். 1950 முதல் 1996-ல் மறையும் வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் அவருடைய இயற்கைப் பத்தி தொடர்ந்து வந்தது. விலங்கு எப்படி வாழ்கிறது என்பதற்குச் சாட்சியாகப் படத்தை வைத்தவர் அவர். கேமராவைத் தூக்கும் யாருக்கும் அது முதல் பாடம்.

நீர்க்கரையில் எதைப் பார்க்க வேண்டும்? யானைக் கூட்டம் மரங்களின் விளிம்பிலேயே சற்று நின்றுவிடும். மூத்த பிடி, அதாவது பெண் யானை, துதிக்கையை உயர்த்திக் காற்றை முகரும். அது நடந்தால்தான் மற்றவை நடக்கும். சில மாதக் குட்டிக்குத் துதிக்கையை ஆளத் தெரியாது. முழந்தாளிட்டு வாயால் குடிக்கும். தாயல்லாத இளம்பிடியும் பக்கத்தில் நின்று அதற்குக் காவல் இருக்கும். இதெல்லாம் நிதானத்தில் நடப்பவை. நம் வாடையோ பேச்சுக்குரலோ எட்டிவிட்டால் கூட்டம் நொடியில் இறுகும், குட்டிகள் பெரிய கால்களுக்கு நடுவே மறையும், காதுகள் விரியும். பார்க்க வீரமான காட்சிதான். ஆனால் அது அந்தக் குடும்பத்தின் படமல்ல, நாம் வந்து கலைத்ததன் படம்.

ஆகவே காற்று விலங்கிடமிருந்து நம் பக்கம் வீசும் இடத்தில் உட்காருங்கள். உடல்கள் ஒன்றை ஒன்று மறைக்காமல் விலகும்வரை பொறுங்கள். முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் ஒருங்கே தெளிவாக விழ, லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்குங்கள். பளபளக்கும் நீரை நம்பி ஒளியை அளந்தால், கரிய காட்டெருது வெறும் நிழலாகிவிடும். விலங்கின் உடம்பை வைத்தே ஒளியைக் கணக்கிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், ட்ரோன் வேண்டாம். சரணாலயத்தில் படமெடுக்க 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அதைப் பெற்றுக்கொண்டே போங்கள்.

இப்படி எடுத்த படம் நம் சுவரோடு நின்றுவிடுவதில்லை. 2024 மே மாதம் கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட தென் மாநிலங்கள் சேர்ந்து யானைகளைக் கணக்கெடுத்தன. மூன்றாம் நாள் நீர்நிலைகளில் எண்ணினார்கள். வந்து குடிக்கும் கூட்டங்களைப் படமெடுத்து, ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்று பிரித்தார்கள். தோள் உயரத்தை வளர்ந்த பிடியோடு ஒப்பிட்டு வயதைக் கணிப்பார்கள். தந்தமில்லாததெல்லாம் பிடி என்று எண்ணிவிட முடியாது; தந்தமில்லாத களிறான மக்னாவும் உண்டு. அதனால் தலையும் முதுகும் தெளிவாகத் தெரிய வேண்டும். மிரண்டு நெருங்கி நின்ற கூட்டத்தில் குட்டிகளைச் சரியாக எண்ண முடியாது. ஒரு காட்டில் அடுத்த தலைமுறை வளர்கிறதா என்ற கேள்விக்கான பதில், அந்தக் குட்டிகள் அச்சமின்றி வெளியே நிற்பதைப் பொறுத்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யானைகள் திரும்பிப் போனதும் உடனே எழுந்துவிடாதீர்கள். அவை விலகட்டும் என்று புதருக்குள் ஒரு மிளா நின்றிருக்கும். வெகுதூரம் நடந்து வந்திருக்கும், அதற்கும் தாகம். நீங்கள் எழுந்தால் அது குடிக்காமல் திரும்பிவிடும். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, அதுவும் குடித்து முடிக்கும்வரை இருங்கள்.