மழைக்கால விருந்தினரும் மலைத்தோட்டமும்

(கேமரன் மலையில் தோட்டப் பாட்டாளிகள் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இரப்பர்த் தோட்டத்தில் பொழுது புலரும் முன்னே நாம் செய்யும் முதல் வேலை யாது? கத்தியைத் தீட்டுவதா? மங்கைத் துடைப்பதா? இரண்டும் அல்ல. வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். பிறகு நிரைக்குச் சென்று மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்க்கிறோம். பட்டை ஈரமாக இருந்தால் அன்று வெட்டு இல்லை. ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாது வழிந்து வீணாகும். வெட்டிய இடத்தில் நோயும் பற்றும். ஒரு நாள் வருமானம் குறைகிறதே என்ற வருத்தம் நமக்கு உண்டு. ஆயினும் பட்டை கெட்டுவிட்டால் பல ஆண்டு வருவாய் கெடும் என்பதை அறிந்து கத்தியைக் கீழே வைக்கிறோம்.

இந்த அறிவைத்தான் இன்று நாம் தேயிலைத் தோட்டத்தின் வாயிலுக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

வாயில் திறந்த தோட்டங்கள்

பகாங் மாநிலத்தின் இம்மலைப்பகுதி, 1885ஆம் ஆண்டில் இங்கு நில அளவை செய்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. காட்டைத் திருத்தி, செங்குத்தான சரிவுகளில் செடி நட்டுக் கொழுந்து பறித்தவர்களில் நம் முன்னோர் பலர் இருந்தனர். இன்று அவ்வேலையில் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரும் ஈடுபட்டுள்ளனர்.

இவை தனியாருக்குச் சொந்தமான நிலங்கள். ஆயினும் இவற்றின் சில பகுதிகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர்; பசுமையைக் கண்டு, சூடான தேநீர் அருந்தி, படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேரன் வருகிறான். பட்டுச் சேலை உடுத்திப் புதுமணப்பெண் வருகிறாள். இவர்களுள் மலைச்சரிவில் நடந்து பழகியவர் எத்தனை பேர்?

வருவோரோடு மழையும் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இங்கு மழை மிகுதி. தீபாவளி விடுமுறை பெரும்பாலும் அம்மழை நாள்களிலேயே அமைகிறது. ஆகவே, கூட்டம் மிகும் காலமும் மண் இளகும் காலமும் ஒன்றாகி விடுகின்றன. விருந்தினரை அழைத்தவர் அவர்களுடைய நலனுக்கும் பொறுப்பேற்றவர் ஆவார். அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றுவது?

முதலில் நீருக்கு வழி

விருந்தினர் வருகிறார்கள் என்றவுடன் பூந்தொட்டிகளுக்கு வண்ணம் பூசத் தொடங்குவது நம் வழக்கம். மழைக்காலத்தில் அது கடைசி வேலையாக இருக்கட்டும். முதல் வேலை நீருக்கு வழி செய்வதாகும்.

இதற்கு நல்லதொரு முறை உண்டு. மழை பெய்யும்போதே குடையும் மண்வெட்டியுமாகத் தோட்டத்தைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். நீர் எங்கே தேங்குகிறது, எந்தக் கான் நிரம்பி வழிகிறது, எந்தப் பாதை ஓடையாக மாறுகிறது என்பதை அந்த ஒரு மணி நேரம் நமக்குக் கற்பித்துவிடும். வெயில் நாளில் அவ்வுண்மையைக் காண இயலாது.

கான்களில் விழுந்த இலைகளையும் படிந்த மண்ணையும் மழைக்காலம் தொடங்குமுன் அகற்ற வேண்டும். பெருமழைக்குப் பின் மீண்டும் அகற்ற வேண்டும். ஓடிவரும் மண்ணைத் தடுத்து நிறுத்தும் குழிகளை நிறையவிடாமல் தூர் வார வேண்டும். கட்டடங்களின் கூரைநீரைச் சரிவின் மீது கொட்டவிடாமல் குழாய் வழியே கானில் சேர்க்க வேண்டும். வெறும் மண்ணாகக் கிடக்கும் இடங்களில் புல்லோ மூடுபயிரோ வளர்க்க வேண்டும். இரப்பர் நிரைகளுக்கு இடையே மூடுபயிர் இட்டு மண்ணைக் காத்த நமக்கு இது புதிய பாடம் அன்று.

மண்ணைக் காக்காவிடில் என்ன நேரும் என்பதை இம்மலையே காட்டியிருக்கிறது. சரிவுகளிலிருந்து அடித்து வரப்பட்ட மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தைப் பெருமளவு தூர்த்துவிட்டது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும், 2014ஆம் ஆண்டு நவம்பரில் ரிங்லெட் வட்டாரத்திலும் சேற்று வெள்ளம் பாய்ந்து உயிர்களைப் பறித்தது. மேலே நிற்பவர் காக்காத மண், கீழே குடியிருப்பவரின் வீட்டில் சேறாகப் புகுகிறது.

அடுத்து காலுக்கு வழி

தோட்டத் தொழிலாளி பூட்ஸ் அணிந்து நடக்கும் பாதை வேறு. விருந்தினர் சாதாரணக் காலணியுடன் நடக்கும் பாதை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. விருந்தினருக்கென ஒரு பாதையைத் தேர்ந்து, அதைச் செம்மையாக அமைத்து, மற்றவற்றைக் கயிறு கட்டி அடைத்துவிடுவதே நன்று. பத்துப் பாதைகளை அரைகுறையாகத் திறப்பதைவிட ஒரு பாதையை முழுமையாகத் திறப்பது மேல்.

அப்பாதையில் சரளைக்கல் பரப்ப வேண்டும். நடுப்பகுதி சற்று உயர்ந்திருந்தால் நீர் இருபுறமும் வடியும். படிகளின் உயரம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு படி மாறினாலும் முதியோர் இடறுவர். சிமெண்டுப் படியில் படரும் பாசியை வாரந்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும். பலகைப் பாலங்களின் மீது கம்பிவலை அறைந்தால் கால் வழுக்காது. சரிவான இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். அக்கம்பியை ஒரு பெரியவர் முழுபலத்துடன் இழுத்துப் பார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

வாகனங்களைச் சரிவின் விளிம்பிலோ ஈரப் புல்வெளியிலோ நிறுத்த விடலாகாது. பாதையின் மேல் தொங்கும் காய்ந்த கிளைகளை முன்னரே வெட்ட வேண்டும். இடி மின்னலின்போது திறந்த வெளியில் நிற்போரை உடனே கட்டடத்துக்குள் அழைத்துவர வேண்டும். எச்சரிக்கைப் பலகைகள் மலாய், தமிழ், ஆங்கில மொழிகளில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். உள்ளே சென்றவர் எத்தனை பேர், வெளியே வந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கும் வாயிலில் இருக்க வேண்டும். காலையில் பெரட்டு எடுக்கும் நமக்கு இக்கணக்கின் அருமை தெரியும்.

வாயிலை அடைக்கும் துணிவு

இவ்வளவும் செய்த பின்னரும் திறக்கக் கூடாத நாள் ஒன்று உண்டு. அந்த நாளை அறிந்துகொள்வதும் நாம் செய்ய வேண்டிய ஆயத்தமே.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாளை நாம் மறக்கலாகாது. சிலாங்கூர் மாநிலத்தில் பத்தாங் காலிக்கு அருகே, தனியார் பண்ணை ஒன்றில் விடுமுறையைக் கழிக்க வந்தோர் கூடாரங்களில் உறங்கிக் கொண்டிருந்தனர். விடியுமுன் மேலிருந்த சரிவு இடிந்து அவர்கள் மீது விழுந்தது. சிறுவர்கள் உட்பட 31 பேர் மாண்டனர். 61 பேர் உயிர் தப்பினர். அதன்பின் மலைச்சரிவிலும் ஆற்றோரத்திலும் இருந்த முகாம் தளங்கள் நாட்டின் பல இடங்களில் தற்காலிகமாக மூடப்பட்டன.

பல நாள் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கித் தங்குகிறது. மண்ணின் எடை கூடுகிறது; அதன் பிடிப்புக் குறைகிறது. ஆகவே, மழை விட்டு வெயில் அடித்த பின்னரும் சரிவு இடியலாம். இன்று வானம் தெளிவாக இருக்கிறதே என்று எண்ணி ஏமாறுதல் கூடாது. கடந்த சில நாள்களில் எவ்வளவு மழை பெய்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரிவு தன் நிலையை முன்கூட்டியே நமக்கு உணர்த்துவதும் உண்டு. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது வேலிக்கம்பம், சுவரிலிருந்து விலகிய படிக்கட்டு, இல்லாத இடத்தில் தோன்றும் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வாயிலை அடைக்க வேண்டும். கீழே இருப்போரை அப்புறப்படுத்த வேண்டும். 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தொடர்மழையைப் பற்றி வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. அதனை நாள்தோறும் கேட்டறிதல் நலம்.

யார் சொல் செல்ல வேண்டும்?

இவ்வெடிப்பை முதலில் காண்பவர் யார்? கொழுந்து பறிக்கும் பெண், கான் வெட்டும் ஆள், மருந்தடிக்கும் இளைஞர். அலுவலகத்தில் இருப்பவர் கண்ணில் அது பிந்தியே படும். ‘நமக்கேன் வம்பு, வந்தவர்களை விரட்டினால் ஐயா கோபிப்பார்’ என்று தொழிலாளி வாய்மூடி இருந்தால் பலகையும் கம்பியும் பயன்படா. ஆகவே, கண்டதைக் கண்டவுடன் சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். அச்சொல்லைக் கேட்டு, ஒரு நாள் நுழைவுப் பணத்தை இழக்கும் மனம் நிருவாகத்துக்கு வேண்டும். தோட்டத்தைத் திறக்குமுன்னரே, ‘இன்று அடைத்துவிடுங்கள்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதை முடிவு செய்துவிட வேண்டும்.

இது தேயிலைத் தோட்டத்துக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் தோட்டக் கோயிலில் திருவிழா நடக்கிறது. ஊர் ஊராக உறவினர் வருகின்றனர். கோயிலுக்குச் செல்லும் மண்பாதையும், பாலமும், ஆற்றங்கரையும், அன்னதானப் பந்தலின் பின்னுள்ள மேடும் நம் கண்முன் இருக்கின்றன. தோரணம் கட்டுமுன் கானைப் பார்ப்போம். பந்தல் போடுமுன் மேட்டைப் பார்ப்போம்.

ஈர மரத்தில் கத்தி வைக்காத கை நம்முடைய கை. அந்தக் கை, மண் இளகிய நாளில் தோட்டத்தின் வாயிலையும் அடைக்கட்டும். விருந்தினர் மனக்குறையோடு திரும்பினால் மறுமுறை வருவர். அவர்கள் மீண்டும் வரும்படி உயிரோடு அனுப்பி வைப்பதே சிறந்த விருந்தோம்பல்.